ஒரு காசுக்கு மூணு பாட்டு

எழுந்திருக்காத தம்பி, உக்காரு, உக்காரு. இந்த பெஞ்சுல மூணு பேரு தாராளமா உக்காரலாம், நான் என்ன அவ்வளவு குண்டாவா இருக்கேன்? அந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் நகத்தி வெச்சாப் போதும். என்னது? சத்தமாச் சொல்லு, இந்த விளையாட்டு மெஷினுங்க இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல. மடியிலேயே இருக்கட்டுமா? சரி, இருக்கட்டும். பச்சக் குழந்தைய வெச்சிருக்குற மாதிரி வெச்சிருக்கியேன்னு கேட்டேன்.

உன் முறை வர இன்னும் நேரம் இருக்கு. இப்ப மேள மெஷின்ல நிக்கிறது அந்த ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க. அடுத்தது அந்தச் சாமியாரு. தெரியும்ல அவர, ஆத்தங்கரைக் கோயில்ல மந்திரம் ஓதுறவரு. எந்தப் பாட்டப் போட்டாலும் கோயில்ல மரக்கட்டையத் தட்டுற அதே நிதானத்துல தான் தட்டுவாரு. பாட்டு முடிஞ்சப்புறமும் ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் குச்சியக் கீழ வெப்பாரு. அவருக்கு அப்புறம் நீ. உனக்கு அப்புறம் நான். கம்பியில பேரு எழுதின துணிக்கிளிப்பு அந்த வரிசையில தான் தொங்குது, பாத்துட்டுத்தான் வந்து உக்காந்தேன்.

அது சரி, உன்ன ஞாயித்துக்கிழமையில இங்க பாத்திருக்கேன். நீ என்னப் பாத்திருக்க மாட்ட, நான் அந்தப் பொம்மை தூக்குற மெஷின் பக்கம் நிப்பேன். எப்பவும் அந்தச் சாயம் போன பச்சை சட்டை தானே போட்டுட்டு வருவ? இன்னிக்கு என்ன கோட்டும் சூட்டுமா? யாராவது தவறிட்டாங்களா? டை கறுப்பு இல்லையே, நீலமாத்தானே இருக்கு. அப்பத் துக்கம் இல்ல. இன்டர்வியூவா? ஞாயித்துக்கிழமை எவன் இன்டர்வியூ வைக்கிறான். அப்புறம்? ஏன், காது ரெண்டும் சிவக்குது? ஓஹோ! பொண்ணு கேக்கப் போறியா!

அடேயப்பா, இதச் சொல்றதுக்கா இவ்வளவு தயக்கம்? எத்தன மணிக்கு? நாலா. இப்ப ரெண்டேகாலு தான் ஆகுது. காலைலயே குளிச்சு, தலைய வாரி, வீட்ல உக்காந்திருக்க முடியாம, கை நடுக்கம் போறதுக்கு மூணு பாட்டு அடிச்சுட்டுப் போகலாம்னு வந்திருக்க. பொண்ணு கேக்கப் போறவன் கோயிலுக்குப் போவான், முடிவெட்டப் போவான். நீ மேளம் அடிக்க வந்திருக்க. இல்ல இல்ல, குத்தம் சொல்லல. நல்லாத்தான் இருக்கு.

எங்க, காலக் காட்டு. ஷூவக் கழட்டச் சொல்லல, சாக்ஸ் நல்லதாப் போட்டிருக்கியான்னு கேக்குறேன். அவங்க வீட்டு வாசல்ல ஷூவக் கழட்டணும்ல? அப்பப் பெருவிரலு வெளிய வந்து வணக்கம் சொல்லிடக் கூடாது. பாத்தியா, முழிக்கிற. எதுத்தாப்புல நூறு யென் கடை இருக்கு, போறப்ப ஒரு ஜோடி வாங்கிக்க. கறுப்பு. படம் போட்டது வேண்டாம்.

பெட்டியில என்ன, யோகானா? அதானே பாத்தேன், சிவப்புப் பயறு அல்வா கட்டியாச்சே, கனக்கத்தான் செய்யும். வெறும் யோகானா, செஸ்ட்நட் போட்டதா? செஸ்ட்நட்டா. பரவால்ல, கை கொஞ்சம் தாராளந்தான்.

பொண்ணோட அப்பா அம்மா எப்படி? அம்மா மட்டுந்தானா. ம். அப்பா இல்லையா. விட்டுட்டுப் போயிட்டாரா. சரி, அதெல்லாம் நமக்கெதுக்கு. ஒத்தையா நின்னு வளத்த பொம்பளன்னா கொஞ்சம் விறைப்பாத்தான் இருப்பா. பொண்ணு என்ன சொல்லி வெச்சிருக்கா அம்மாவப் பத்தி? என்ன? சிரிக்கவே மாட்டாங்களா? அப்படியா சொன்னா? அவ வாயாலயே சொன்னாளா? இல்ல, எனக்கென்ன, சும்மா கேட்டேன். பெத்த பொண்ணு அப்படிச் சொன்னா அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்னு தோணுச்சு.

வேற? மெஷின் முன்னாடி நிக்கிற ஆம்பளையக் கண்டாலே ஆகாதா? எந்த மெஷின், துணி துவைக்கிற மெஷினா? ஓ, இந்த மாதிரி, காசு போடுறது. அப்ப உன் பாடு திண்டாட்டந்தான். சாயங்காலம் வேல முடிஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு அந்தம்மா கேட்டா என்ன சொல்லப் போற? எங்க? நூலகமா? தினமும் நூலகத்துக்கா?

சிரிக்கல தம்பி, மாஸ்குக்குள்ள இருமினேன். சரி, நூலகம்னே வெச்சுக்குவோம். என்ன புஸ்தகம் படிக்கிறீங்கன்னு கேப்பாங்களே. வரலாறா? எந்த ராஜா? பாத்தியா, ராஜா பேரு வரல. உன் உள்ளங்கையில குச்சி பிடிச்ச காய்ப்பு வேற இருக்கு. புஸ்தகம் புரட்டினாக் காய்ப்பு வருமா? பொய் சொல்றதுன்னா அதுக்கும் ஒரு பயிற்சி வேணும். உனக்கு அது சுத்தமா இல்ல. உன் இஷ்டம், நான் யாரு உனக்குப் புத்தி சொல்ல.

நானா? நானும் இந்த மேளம் அடிக்கத்தான் வரேன். ஏன், இந்த வயசுல அடிக்கக் கூடாதா? அம்பத்தெட்டு. நான் எப்படி இதுல விழுந்தேன்னா, போன வருஷம் ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல மழை. குடை இல்ல, உள்ள ஒதுங்கினேன். சும்மா நின்னா நல்லா இருக்காதுன்னு அந்தப் பொம்மை மெஷின்ல காசு போட்டேன். கடல்நாய் பொம்மை ஒண்ணு விழுந்துச்சு. அங்கேருந்து பாத்தா நேரா இந்த மேளம் தெரியும். யாரோ அடிச்சுக்கிட்டிருந்தாங்க. திரையில சிவப்பு உருண்டை வந்தா நடுவுல அடிக்கணும், நீலம் வந்தா விளிம்புல அடிக்கணும், அவ்வளவு தானே, இதுல என்ன கம்பசூத்திரம்னு நெனச்சேன். நான் தகமாட்சு சூப்பர் மார்க்கெட்டுல உருளைக்கிழங்கு கட்லெட் பொரிக்கிறவ. ஒரே நேரத்துல நாப்பது கட்லெட் எண்ணெயில கிடக்கும், எத எப்பத் திருப்பணும்னு கைக்குத் தெரியும். இது என்ன பெரிய வேலைன்னு நெனச்சேன்.

மறுநாள் வேல முடிஞ்சு வந்து நின்னேன். இருக்குறதுலயே சுலபமான பாட்டு, குழந்தைங்களுக்கான அந்தத் தவளப் பாட்டு இருக்குல்ல, அது. பாதிக்கு மேல கோட்ட விட்டேன். பக்கத்து மேளத்துல ஒரு அஞ்சு வயசுக் குட்டி, ஸ்டூல் மேல ஏறி நின்னு அதே பாட்ட ஒண்ணு விடாம அடிச்சா. அடிச்சுட்டு என்னப் பாத்து, பரவால்ல ஆன்ட்டி, முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்னா. எனக்கு வந்துச்சு பாரு ஒரு ரோஷம்!

அன்னையிலேருந்து வேல நாள் தவறாம நாலரை மணிக்கு வந்துடுவேன். பத்து நாள் ஆச்சு, பதினஞ்சு நாள் ஆச்சு, தவள பிடிபடவே இல்ல. தோள்பட்ட வலி தான் மிச்சம். அப்பத்தான் இந்த நோட்டப் பாத்தேன். இதோ, மேசையில நூல்ல பேனா கட்டிக் கிடக்குதுல்ல, விளையாட வரவங்கல்லாம் எழுதி வெச்சுட்டுப் போற நோட்டு. எத்தன பாயிண்டு எடுத்தேன், எந்தப் பாட்டு கஷ்டம், பிறந்தநாள் வாழ்த்து, பூனையக் காணோம், எல்லாம் இருக்கும். நானும் எழுதினேன். என்ன அடிச்சாலும் வரல, விட்டுடலாமான்னு இருக்குன்னு எழுதினேன். பெரியவ எழுதினதுன்னு தெரிஞ்சா வெக்கமாச்சேன்னு, பெரியவங்க போடுற சித்திர எழுத்தே இல்லாம, சின்னப் பசங்க எழுதுற சுலப எழுத்துலயே எழுதிட்டேன். பேரு போடணும்ல? அன்னிக்கு மத்தியானம் கத்திரிக்காய் பொரிச்சோம், அதனால கத்திரிக்கான்னே போட்டேன்.

ஏன் வாயப் பொளந்துட்ட?

ஆமா, நான் தான் கத்திரிக்கா. கம்பியில பாரு, உன் கிளிப்புக்கு அடுத்த கிளிப்பு. என்ன? நீ தான் ஆமையா! அட, நெசமாவா! இந்த ஊர்ல ஆமைன்னு பேரு வெச்சுக்கிட்டு, பதில் எழுதிக் கீழ ஒரு ஆமைப் படம் போடுற ஆளு நீயா! படம்னா படம், அது எனக்கு எப்பவும் பன்னு மாதிரி தான் தெரியும். நாலு காலு இருக்குறதால ஆமைன்னு ஒத்துக்கிட்டேன்.

நீ என்ன நெனச்சுக்கிட்டிருந்த? ஏழாங்கிளாஸ் பொண்ணா! அதானா, பரிட்ச நேரத்துல ரொம்ப விளையாடாதீங்க, நேரத்துக்குத் தூங்குங்கன்னு எழுதின? நானும் சரின்னு எழுதிட்டு சீக்கிரமாப் படுத்தேன், தெரியுமா? நீயும் எனக்காகச் சின்னப் பசங்க எழுத்துலயே பதில் எழுதினியே, ஒரு கஷ்டமான எழுத்துகூடப் போடாம. அதப் பாத்து எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முகம் தெரியாத குழந்தைக்கு எவன் அவ்வளவு மெனக்கெடுவான்?

முதல்ல நீ என்ன எழுதின, ஞாபகம் இருக்கா? உருண்டை வர வேகத்த ரெண்டு மடங்காக் கூட்டுங்கன்னு எழுதின. எனக்குக் கோவம் பத்திக்கிட்டு வந்துச்சு. நானே மெதுவா வச்சிருக்கறப்பவே திணறிக்கிட்டிருக்கேன், இவன் வேகத்தக் கூட்டச் சொல்றான், கிண்டல் பண்றான்னு நெனச்சேன். ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரல. அப்புறம், போனாப் போகுது, ஒரு தடவ பாப்போம்னு கூட்டினேன். அடிச்சுட்டு அப்படியே நின்னுட்டேன் தம்பி. பாட்டு என்னவோ அதே பாட்டுத்தான். மெதுவா வெச்சா உருண்டையெல்லாம் காலைல ட்ராம்ல ஏறுற கூட்டம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு வரும். வேகமா வெச்சா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடம் விழுது. எது எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. புதுசா வரவங்க எல்லாரும் பண்ற தப்பு இதுதானாமே. மெதுவா இருந்தாச் சுலபம்னு நெனச்சு அதுலயே கிடந்து சாகுறது.

தவளப் பாட்டு அந்த வாரமே தேறிடுச்சு. சாமியாரு கைதட்டினாரு.

அப்புறம் எடது கை. உங்க எடது கை சோம்பேறின்னு எழுதின. நான் அடிக்கிறதப் பாக்காமலேயே எப்படிக் கண்டுபிடிச்ச? ஓ, எந்த எடத்துல விடுறேன்னு நான் எழுதினத வெச்சா. ஒரு வாரம் எடது கையால பல்லு விளக்குங்கன்னு எழுதின. விளக்கினேன். சட்டையெல்லாம் பேஸ்ட்டு. எடது கையால குச்சி பிடிச்சுச் சாப்பிடுங்கன்னு எழுதின. அன்னிக்குன்னு பாத்து வீட்ல நத்தோ. புளிச்ச சோயா, நூலு நூலா இழுக்கும், சோத்துக் கையாலயே அதச் சரியாச் சாப்பிட முடியாது. தாடையிலேருந்து மடி வரைக்கும் நூலு. என் பொண்ணு எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டு, அம்மா, கை எதுவும் வரலையா, டாக்டர்ட்டப் போலாமான்னு பயந்துட்டா. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுன்னு நெனச்சுட்டா பாவம். அவளுக்கு நான் இங்க வரது தெரியாது. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

அப்புறம் சமையலறையில ரெண்டு நீளக் குச்சிய வெச்சுக்கிட்டு, மெத்தைய மடிச்சு மேசையில போட்டுத் தட்டிப் பழகினேன். வேலை எடத்துல கட்லெட் எண்ணெயில விழுறப்பச் சிவப்பு, திருப்புறப்ப நீலம்னு மனசுக்குள்ள சொல்லிப்பேன். எங்க சூப்பர்வைசரு, என்ன கட்லெட் எல்லாம் இன்னிக்கு ஒரே மாதிரி சிவந்திருக்குன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல.

இருந்தும் ஒண்ணு சரியா வரல. எல்லாத்தையும் முன்னாடியே அடிச்சுடுவேன். உருண்டை வட்டத்துக்குள்ள வரதுக்கு முன்னாடியே கை இறங்கிடும். பாட்டு முடிஞ்சதும் மெஷின் கணக்குக் காட்டும்ல, அதுல நான் பிந்தினதே இருக்காது, முந்தினது மட்டும் முப்பது நாப்பதுன்னு இருக்கும். அத நோட்டுல எழுதினேன். அதுக்கு நீ, நீங்க பயப்படுறீங்க, விட்டுடுவோமோன்னு பயந்து முந்துறீங்க, அது எங்கயும் ஓடிப் போகாது, வரட்டும், வந்தப்புறம் அடிங்கன்னு எழுதியிருந்த. அந்தப் பக்கத்த ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இதே பெஞ்சுல தான்.

அதுக்கடுத்த வாரம் எழுதினது ஞாபகம் இருக்கா? ஒண்ண விட்டுட்டா, அதோட சேத்து அடுத்து வர அஞ்சையும் விட்டுடுறேன்னு எழுதியிருந்தேன். அதுக்கு நீ ரெண்டே வரி. விட்டதத் துரத்தாதீங்க. நீங்க அதையே பாத்துக்கிட்டிருக்கறப்ப அடுத்தது வந்து போயிடுது.

மறுநாள் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னுக்கிட்டிருக்கேன், திடீர்னு அழுக வந்துடுச்சு. ஏன்னே தெரியல, நிறுத்த முடியல. வெங்காயம்னு சொல்லிச் சமாளிச்சேன். அன்னிக்கு வெங்காயமே நறுக்கல.

சொல்றேன், இரு. உன்கிட்டச் சொல்றதுல என்ன. நீ தான் எனக்கு குருவாச்சே.

என் வீட்டுக்காரரு பச்சிங்கோ ஆடுறவரு. இரும்புக் குண்டு உருளுற சூதாட்ட மெஷின், உனக்குத் தெரியாததா. நல்ல மனுஷன் தான், குடிக்க மாட்டாரு, ஒரு அதட்டல் கிடையாது. ஆனா உக்காந்தா எழுந்திருக்க மாட்டாரு. சாப்பிடப் போனாக்கூட சிகரெட் பெட்டிய மெஷின்ல வெச்சு எடம் பிடிச்சுட்டுத்தான் போவாரு. என் பொண்ணுக்கு ஆறு வயசுல ஸ்கூல்ல விளையாட்டு விழா. அப்பாவும் பிள்ளையும் கால ஒண்ணாக் கட்டிக்கிட்டு ஓடுற பந்தயம். வரேன்னு சொல்லியிருந்தாரு. அவ காலைலேருந்து அந்தத் துணிக் கயித்தக் கையில சுத்திக்கிட்டே நிக்கிறா. நான் ஸ்கூலுக்கும் கடைக்கும் ஓடினேன். தோளத் தொட்டுக் கூப்பிட்டேன். இது ஒண்ணு முடியட்டும்னாரு. திரும்பிக்கூடப் பாக்கல. என்ன, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அதுக்கடுத்தது.

கடைசில நான் தான் கயித்தக் கட்டிக்கிட்டு ஓடினேன். கடைசியா வந்தோம். அவ சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரல. அந்த மனுஷன் என் வாழ்க்கையில எழுந்திருச்சது ஒரே ஒரு தடவ, அது எங்கள விட்டுட்டுப் போறதுக்கு. இருபது வருஷமா அந்த ஒரு உருண்டையத்தான் துரத்திக்கிட்டிருந்தேன் போலிருக்கு. அடுத்து அடுத்து எத்தனையோ வந்துச்சு, என் பொண்ணு வளந்தா, பள்ளி முடிச்சா, வேலைக்குப் போனா, ஒண்ணையும் நான் சரியாப் பாக்கல.

ஏன் அப்படிப் பாக்குற? இந்த ஊர்ல எத்தனையோ வீட்ல நடந்தது தான். விடு.

நான் சொல்ல வந்தது என்னன்னா, இங்க வந்தப்புறந்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. மெஷின்னா எல்லா மெஷினும் ஒண்ணு இல்ல. இங்க ஒரு காசுக்கு மூணு பாட்டு. மூணு முடிஞ்சதும், பின்னாடி ஒரு ஆளு காத்துக்கிட்டிருந்தா, எழுந்துடணும். நின்னுக்கிட்டே அடிச்சாலும், எடத்த விடுறது எனக்கு எழுந்திருக்கிறது தான். கிளிப்பக் கழட்டிக் கடைசியில மாட்டிட்டு வந்து உக்காரணும். யாரும் போர்டு எழுதி வெக்கல, யாரும் அதட்டுறது இல்ல. அந்தப் பொண்ணுங்களப் பாரு, முடிஞ்சுது, குச்சியத் துடைச்சு வெச்சாச்சு, சாமியாருக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு எழுந்து போகுதுங்க. அதப் பாக்கவே எனக்கு ஆசையா இருக்கும். உனக்கு இது சாதாரணம். எனக்கு அப்படி இல்ல.

சாமியாரு ஆரம்பிச்சுட்டாரு. கேட்டியா, டொக்கு, டொக்கு, டொக்கு. பாட்டு அங்க ஓடுது, அவரு இங்க வராரு.

என்ன முணுமுணுக்குற? சத்தமாச் சொல்லு. நூலகம்னு சொல்ல மாட்டியா? அப்புறம் என்ன சொல்லுவ? மேளம் அடிக்கிறேன்னே சொல்லிடுவியா? அந்தம்மா எழுந்து கதவக் காட்டினா? காட்டினாலும் சொல்லுவியா. ஏன்? ம்ம். ஆறு வயசுக் குழந்தைகிட்ட வரேன்னு சொல்லி ஏமாத்தின வீட்டுக்கு, இன்னொரு பொய்யத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னா. உனக்கு அந்தக் கதை முன்னாடியே தெரியும் போலிருக்கே. நீ கேக்கப் போற பொண்ணு சொன்னாளா, அவ வீட்லயும் இதே மாதிரின்னு? துணிக் கயிறு வரைக்கும் சொன்னாளா.

சரி. மூச்ச விடு.

போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கா உனக்கு? அந்த ரொம்பக் கஷ்டமான பாட்டு, நீ ஒன்பது மாசமா அடிச்சுக்கிட்டிருந்தியே, அது. அன்னிக்கு ஒண்ணு விடாம வந்த. கடை முழுக்க உன் பின்னாடி நின்னுச்சு. கடைசி வரிசையில ஒரே ஒரு நீலம், அத விட்ட. ஒண்ணே ஒண்ணு. உன் கை பாக்கெட்டுக்குள்ள போச்சு. அடுத்த காசு விரல்ல இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுது. கை சூடா இருக்கு, இப்ப அடிச்சா வந்துடும்னு எவனுக்கும் தோணும். நான் பொம்மை மெஷின் பக்கத்துல மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உனக்குப் பின்னாடி அந்த அஞ்சு வயசுக் குட்டி, தவளப் பாட்டு அடிக்க நின்னுக்கிட்டிருந்தா. நீ திரும்பிப் பாத்த. காச பாக்கெட்டுலயே விட்டுட்டு, குச்சியத் துடைச்சு, அவளுக்கு ஸ்டூல நகத்திப் போட்டுட்டு, கிளிப்பக் கழட்டிக் கடைசியில மாட்டின. உன் முகம் அழுவுற மாதிரி இருந்துச்சு. ஆனா எழுந்துட்ட.

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும்தான் ஹோனாமிகிட்டச் சொன்னேன், அந்தப் பையன ஒரு நாள் வரச் சொல்லேன்னு.

ஆமா. உன் ஹோனாமி தான். என் பொண்ணு.

பெட்டியக் கீழ போட்டுடாத! நல்லாப் பிடி. மழையாவது குடையாவது, அதெல்லாம் சும்மா. ஏப்ரல்ல அவ போன்ல உன் போட்டோவக் காட்டி, ரொம்ப நல்லவன்மா, சாயங்காலமானா மேள மெஷின்ல விளையாடுவான், அவ்வளவு தான்னா. எனக்குத் தலையச் சுத்திடுச்சு. முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் கையில வேணும்னு தான் வந்தேன். இவன் எழுந்திருக்காத ஒரு நாளப் பாத்துட்டாப் போதும், அன்னிக்கே முடிச்சுடலாம்னு பதினோரு மாசம் பொம்மை மெஷினுக்குப் பின்னாடி நின்னேன். நீ நோட்டுல எழுதுறப்பவே பாத்துட்டேன், ஆமை யாருன்னும் எனக்கு அப்பவே தெரியும். நீ தான் பொய் சொல்லக் கூடாது, நான் சொல்லலாம். வீட்ல கடல்நாய் பொம்மை பதினாலு இருக்கும், ஏன்னு கேக்காத, அவளுக்கே தெரியாது.

இன்னிக்கு அவ சமையலறையில எதையோ கருக்கிக்கிட்டிருக்கா. கடுகு தீந்துடுச்சு, வாங்கிட்டு வாம்மான்னு அனுப்பினா. கடுகு பையில தான் இருக்கு. என் கையும் நடுங்குச்சு தம்பி. நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான் நானும் வந்தேன்.

இதோ, மாஸ்கக் கழட்டுறேன். நல்லாப் பாத்துக்க. இது சிரிப்பு தானே? அம்மா சிரிச்சாங்க, என் கண்ணால பாத்தேன்னு போய் அவகிட்டச் சொல்லு.

சாமியாரு முடிச்சுட்டாரு. ரெண்டு தட்டு பாக்கி, ஆச்சு. பெட்டிய இப்படிக் குடுங்க. எனக்குத்தானே வாங்கினது, நானே வெச்சுக்கிறேன். போங்க மாப்ள, போய் அடிங்க. மூணே பாட்டு. அப்புறம் எழுந்துடணும், அடுத்தது என் முறை.